ஸ்ப்ரே டின்னா, ஜெல்லா, போராக்ஸா?

"தம்பி, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மருந்தா குடுங்க. அலைய முடியல" என்று அண்ணி கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார். எல்லாத்துக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று கேட்டேன். அடுப்பங்கரையில் கரப்பான், சாமி மேடையில் எறும்பு, பின்கதவு நிலையில் கறையான், குளியலறையில் நேற்று ஒரு பூரான். கையில் அறுபது வெள்ளி.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான்) நண்பருடைய ஹார்ட்வேர் கடையில் பல வருடமாக நிற்கிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நான்கு முறையாவது வரும். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். அண்ணி வீட்டுப் பின்சந்து முடிகிற இடத்தில் செம்பனை ஆரம்பிக்கிறது. ஊர்வன எதுவும் விலாசம் கேட்டு வர வேண்டியதில்லை.

ஒரே மருந்து கிடையாது. பூச்சிமருந்து வாங்கும்போது டின்னில் போட்டிருக்கும் படத்தைப் பார்ப்பதைவிட, அந்தப் பூச்சி தனியாக வாழ்கிறதா, கூட்டமாகவா, நாம் வைப்பதைத் தின்னுமா, தின்னாதா என்று பார்க்க வேண்டும். கண்முன்னே சாகிற பூச்சியை எண்ணித் திருப்திப்படுகிறவர்கள்தான் மாதாமாதம் டின் வாங்க வருகிறார்கள். கடைக்கு லாபம், அவர்களுக்கு நஷ்டம்.

முதலில் ஸ்ப்ரே டின். எந்தப் பிராண்டாக இருந்தாலும் எங்கள் அம்மாவுக்கு அது 'ஷெல்டாக்ஸ்'. லேபிளில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்: சைபர்மெத்ரின், பிராலெத்ரின், இமிப்ரோத்ரின், டெல்டாமெத்ரின். 'த்ரின்' என்று முடிந்தால் பெரும்பாலும் பைரித்ராய்டு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். சாமந்திக்குச் சொந்தமான ஒரு பூவில் இயற்கையாகவே இருக்கும் பைரெத்ரம் என்ற சரக்கைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தவை இவை. பூச்சியின் நரம்பில் சோடியம் நுழைவதற்குச் சின்ன வாசல்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் திறந்து சட்டென்று மூட வேண்டும். இந்த மருந்து அவற்றை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், கால் உதறும், பூச்சி மல்லாந்து விழும். அடித்த அரை நிமிடத்தில் கரப்பான் மல்லாக்கப் படுத்துக் கால் ஆட்டுவது இதனால்தான். அந்தக் காட்சியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விழுந்ததெல்லாம் செத்ததாக ஆகாது. அளவு குறைவாகப் பட்டிருந்தால் ராத்திரி எழுந்து போய்விடும். காலையில் கூட்ட வரும்போது ஆள் இல்லை என்றால் பேய் தூக்கிக்கொண்டு போகவில்லை. இன்னொன்று, பல பைரித்ராய்டுகள் பூச்சியை விரட்டும் குணமும் உள்ளவை. பட்டது சாகும், படாதது அந்தப் பக்கமே வராமல் சுவருக்குள் இடம் மாறும். தனியாகத் திரிகிற பூச்சிக்கு இதனால் பிரச்சினை இல்லை. கூட்டமாக வாழ்வதற்கு அடித்தால் நாமே அதைக் குடி பெயர்த்த கதைதான்.

எனக்கே நடந்தது. சாமி மேடையில் கல்கண்டுக் கிண்ணத்தைச் சுற்றி, வெளிர்மஞ்சளாக, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற எறும்புகள். ஃபாரோ எறும்பு என்பார்கள். நல்ல நாளும் அதுவுமாகப் பொறுக்க முடியாமல் டின்னை எடுத்து வரிசை முழுவதும் அடித்தேன். இரண்டு நாள் சுத்தம். அடுத்த வாரம் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு வரிசை, துணி அலமாரியில் ஒன்று, மிலோ டின்னில் ஒன்று. இந்த எறும்புக் கூட்டத்தில் ஒரே ராணி என்ற கணக்கில்லை, பல ராணிகள் இருக்கும். தொந்தரவு வந்தால் ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்காரர்களும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பித் தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு கூட்டை மூன்றாக்கியது நான்.

எறும்புக்கு வேண்டியது மெதுவாகக் கொல்லும் தீனி. வெளியே நாம் பார்க்கிற எறும்புகள் கூட்டில் ஒரு சிறு பங்குதான். ராணி இரை தேடி வெளியே வருவதே இல்லை. ஆனால் இரை தேடப் போன எறும்பு வயிற்றில் நிரப்பி வந்ததை மற்றதுகளுக்கு வாய்க்கு வாய் ஊட்டும். மருந்து உடனே கொன்றால் பாதி வழியிலேயே செத்துவிடும், ராணிக்கு எதுவும் போய்ச் சேராது. இரண்டு மூன்று நாள் தாங்கவிட்டுக் கொன்றால்தான் வேலை முடியும். போராக்ஸ் (வெங்காரம்) அப்படிப்பட்டது. பூச்சியின் குடல் உட்சுவரைக் கெடுத்து மெல்லக் கொல்லும்.

அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நிறையப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். எறும்பு ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், இல்லையென்றால் வழியிலேயே விழும். சீனித் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு போராக்ஸ் போதும். ஒரு கோப்பைக்கு முக்கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். நான் சீனித் தண்ணீருக்குப் பதிலாக ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலந்து, அதில் போராக்ஸைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட பழைய டப்பாவுக்குள் வைத்தேன். அடுப்பங்கரையில் அப்போது இருந்தது வேறு எறும்பு: தலை கறுப்பு, பின்பக்கம் கண்ணாடி மாதிரி வெளிறியது, நசுக்கினால் ஒரு மாதிரி வாடை. ஆங்கிலத்தில் பேய் எறும்பு என்று பெயர். அரைமணி நேரத்தில் டப்பாவைச் சுற்றி மொய்த்துவிட்டது. குனிந்து பார்த்தால் குடித்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொன்றின் வயிறும் ரோஸ் நிறம். வயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லிசு, குடித்தது வெளியே தெரிகிறது. ரோஸ் வயிறுகள் வரிசையாகச் சன்னல் கட்டை இடுக்குக்குள் போவதைப் பார்த்துத்தான் கூடு எங்கே என்றே எனக்குத் தெரிந்தது.

முதல் இரண்டு மூன்று நாள் எறும்பு கூடுதலாகத்தான் வரும். பயந்து துடைத்துவிடக் கூடாது, பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஒரு வாரம், பத்து நாளில் குறையும். ஃபாரோ எறும்பு சில சமயம் இனிப்பைச் சீந்தாமல் எண்ணெய், கடலை வெண்ணெய் பக்கம் போகும். எதற்கு வருகிறது என்று முதலில் மருந்தில்லாமல் வைத்துப் பார்த்துவிட்டுக் கலக்க வேண்டும். போராக்ஸ் குழந்தைக்கும் நாய்க்கும் விஷம்தான், அதனால்தான் டப்பாவும் ஓட்டையும். வாசலில் ரம்புத்தான் மரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் முசுறை மட்டும் சும்மா விடுங்கள். கடிக்கும், ஆனால் வீட்டுக்குள் குடிவராது. மரத்துப் புழுக்களைத் தின்கிறது, அது அதன் வேலையைப் பார்க்கட்டும்.

கரப்பானில் இரண்டு ஆள். கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக, லோங்காங்கிலிருந்தும் (சாக்கடை) மலக்குழியிலிருந்தும் ஏறி வந்து, ராத்திரி விளக்கைப் போட்டால் பறந்து நெஞ்சில் விழுவது ஒன்று. அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். வீட்டுக்குள் அதற்குப் பெரும்பாலும் குடும்பம் இருக்காது, விருந்தாளி. இதற்கு ஸ்ப்ரே டின் சரி. நேராக அடித்தால் முடிந்தது. குளியலறைத் தரைக் குழிக்குச் சல்லடை மூடி, பின்கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, இந்த இரண்டும் டின்னைவிட அதிக நாள் வேலை செய்யும்.

மற்றது சின்னது, ஒன்றரை சென்டிமீட்டருக்குள், கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான். இதுதான் அண்ணி வீட்டு அடுப்பங்கரையில் இருப்பது. ஃபிரிட்ஜ் மோட்டார் சூட்டில், கேஸ் அடுப்புக்கு அடியில், அலமாரிக் கீலில் குடியிருக்கும். பெட்டை முட்டைப் பையை வால்பக்கம் சுமந்துகொண்டே திரியும், ஒரு பையில் முப்பது நாற்பது முட்டை. ஸ்ப்ரே தாயைக் கொல்லலாம், பைக்குள் இருப்பதைக் கொல்வது சிரமம். இந்த ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சும் தாயாகிவிடும். பல தலைமுறையாக டின்னடி பட்டு வளர்ந்ததில் பைரித்ராய்டுக்கு அசையாத கூட்டங்களும் உருவாகிவிட்டன. எத்தனை டின் அடித்தாலும் சாகமாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சின்னதா பெரியதா என்றுதான்.

சின்னதுக்கு ஜெல். சிரிஞ்சில் வரும், பழுப்பு நிறப் பசை. உள்ளே ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், இண்டாக்சகார்ப் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஃபிப்ரோனில் நரம்பை அடக்கி வைக்கிற வாசலை அடைத்துவிடுகிறது. பிரேக் போன லாரி மாதிரி நரம்பு ஓடும். ஆனால் சில மணி நேரம், ஒரு நாள் பிடிக்கும். அதற்குள் கரப்பான் பொந்துக்குத் திரும்பிவிடும். அங்கே குஞ்சுகள் பெரியதின் எச்சத்தைத் தின்னும், செத்த கரப்பானை மற்றது தின்னும். ஒரு சொட்டு இரண்டு மூன்று பந்தியைத் தாண்டும். பார்க்க அருவருப்பு, கணக்குப்படி லாபம்.

வைக்கிற விதம் முக்கியம். பற்பசை மாதிரி நீளமாகப் பிதுக்கி வைக்கிறார்கள், அது வீண். உளுந்து அளவுப் பொட்டுகள், நிறைய இடத்தில். அலமாரிக் கீல், இழுப்பறையின் மேல்மூலை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால். சூடேறுகிற இடத்திலேயே வைத்தால் காய்ந்துவிடும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வையுங்கள், வேறு சாப்பாடு இருக்கும் வீட்டில் பொட்டு எடுபடாது. அப்புறம் அந்தப் பக்கம் ஸ்ப்ரே பிடிக்கவே கூடாது. விருந்து வைத்துவிட்டு வாசலில் கம்போடு நின்ற மாதிரி ஆகிவிடும்.

ஜெல்லும் எப்போதும் வெல்லாது. அமெரிக்காவில் இனிப்புத் தீனி வைத்தும் சில இடங்களில் ஜெர்மன் கரப்பான் சாகாமல் போனதை ஜூல்ஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர் கவனித்தார். 1993-இல் வெளிவந்த விஷயம், அந்தக் கரப்பான்கள் குளுக்கோஸையே ஒதுக்குகின்றன என்பது. 2013-இல் காரணமும் தெரிந்தது: அவற்றின் வாயில் குளுக்கோஸ் கசப்பு நரம்பைத் தட்டுகிறது. நமக்கு இனிப்பது அதற்குக் கசப்பு. அதனால் ஒரு ஜெல்லை வைத்து இரண்டு வாரமாகியும் பொட்டு குறையவில்லை என்றால் வேறு ஜெல்லுக்கு மாறுங்கள். பிராண்டை மட்டும் மாற்றாமல் லேபிளில் மருந்துப் பெயரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

விலையில் ஜெல் ஒரு டின்னைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரு சிரிஞ்சு தாமான் வீட்டு அடுப்பங்கரைக்குப் பல மாதம் வரும்.

கறையானுக்கு எங்கள் கடையில் எதையும் விற்க எனக்கு மனமில்லை. பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்பார்கள். நெசமாகவே சதுப்பு நிலத்துச் செம்பனையை உயிரோடு தின்கிற கறையான் இங்கே உண்டு. வீட்டை அரிப்பது அதன் சொந்தக்காரன். கூடு மண்ணுக்கடியில், கதவு நிலையில் நாம் பார்ப்பது அதன் வழிப்பாதை. பழைய தோட்ட நிலத்தில் கட்டிய தாமான் என்றால் புதைந்த கட்டைகள் அடியிலேயே இருக்கும், தீனிக்குப் பஞ்சமில்லை. மண்குழாயை உடைத்து டின் அடித்தால் அங்கிருந்தது சாகும், மற்றது வேறு பக்கம் ஏறும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கம்பெனி ஆள் தெரிந்த குழாய்மேல் மட்டும் நாற்றமடிக்கிற எதையோ அடித்துவிட்டு முந்நூறு வெள்ளி வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் அடுத்த அறை நிலை பொக்கையாகிவிட்டது. தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம்.

சரியான வழி இரண்டு. சுவரோரம் தரையைத் துளைத்து மண்ணுக்குள் மருந்து செலுத்துவது ஒன்று. இதில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற, கறையானுக்கு வாடையே தெரியாத மருந்தாக இருந்தால் அது அறியாமல் புகுந்து மேலில் பூசிக்கொண்டு போய் மற்றதுக்கும் ஒட்டும். விரட்டுகிற மருந்து என்றால் ஒரு வேலி மாதிரி, எங்காவது இடைவெளி விட்டால் அதன் வழியே வரும். மற்றது தீனிப்பெட்டி. ஹெக்சாஃப்ளூமுரான், குளோர்ஃப்ளுவாசுரான் மாதிரியான மருந்து கலந்த தீனி. இவை நரம்பைத் தொடுவதில்லை. கறையான் தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகவிடாமல் தடுக்கும். வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். ஆனால் கூட்டோடு போகும். இதற்குக் கறையான் அங்கே நடமாடிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே ஆள் வருகிறவரை மண்குழாயைத் தொடாதீர்கள். காசு கூடுதல்தான். வருகிற ஆளிடம் மருந்துப் பெயர் என்ன, விரட்டுமா விரட்டாதா, திரும்பி வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

மூட்டைப்பூச்சி ரத்தம் மட்டுமே குடிக்கும். ஜெல், போராக்ஸ், சீனி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. பைரித்ராய்டுக்கும் பலது அசைவதில்லை. மருந்துக்குப் பழகுவதில் அதற்கு நல்ல அனுபவம், டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லியைத் தாங்குகிற மூட்டைப்பூச்சியை 1947-லேயே ஹவாயில் பார்த்துவிட்டார்கள். சூடுதான் வழி. போர்வை, தலையணை உறை, துணி எல்லாவற்றையும் கடைத்தெரு சுயசேவை டோபிக்கு எடுத்துப்போய், அதிகச் சூட்டில் உலர்த்தியில் அரைமணி நேரம் சுற்றவிடுங்கள். ஐம்பது டிகிரியை அது தாங்காது. மெத்தையை வெயிலில் போடுவதால் மட்டும் போகாது, உள்ளே அவ்வளவு சூடு ஏறுவதில்லை. கட்டில் இடுக்குக்குக் கொதிநீர், பாட்டி காலத்து வைத்தியம், இன்னும் செல்லும்.

பூரான் பூச்சியினமே இல்லை, வேட்டையாடி. தீனிக்கு வராது. டின்னால் கொல்ல வேண்டுமானால் நனைகிற அளவு அடிக்க வேண்டும், அதற்குள் அது சாக்கடைக்குள் இறங்கிவிடும். செருப்பு மலிவு. ஈரமும் கரப்பானும் இருக்கிற இடத்துக்குத்தான் பூரான் வருகிறது. கரப்பான் குறைந்தால் அதுவும் குறையும்.

தஞ்சோங் காராங் பக்கம் வயல்வெளியோரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் கறுப்பு ஆரஞ்சுப் பூச்சி, எறும்பு மாதிரி நீளமாக, மலாயில் 'செமுட் சார்லி'. அது எறும்பில்லை, வண்டு. கடிப்பதில்லை, நசுக்கினால் உடம்பிலிருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு மறுநாள் தீப்பட்ட மாதிரி கோடாகப் புண்ணாகும். ஸ்ப்ரே கொல்லும், ஆனால் செத்த உடம்பிலும் அந்தச் சரக்கு இருக்கும், கையால் அள்ளாதீர்கள். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இதற்குக் காசு செலவழிப்பதாக இருந்தால் சன்னல் வலைக்குச் செலவழியுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு வெள்ளிக்கு எறும்புச் சாக் விற்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் டெல்டாமெத்ரின், அதே 'த்ரின்' குடும்பம். கோட்டைத் தாண்டும் எறும்பு விழும், கூடு அப்படியே இருக்கும். பள்ளிக்கூடச் சாக் மாதிரியே இருப்பதுதான் என் பயம், பிள்ளை எடுத்து எழுதும், கையை வாயில் வைக்கும். மலேசியாவில் விற்கிற பூச்சிமருந்துக்கு 1974-ஆம் வருட பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இல்லாததை வாங்காதீர்கள்.

தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மருந்தடிக்கிற வேலைக்குப் போனவர்கள் மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். அதில் பாதி களைக்கொல்லி. செடியைக் கொல்வதற்குச் செய்தது, கரப்பானுக்கு அது சரியான மருந்தே இல்லை. மனிதனைக் கொல்லும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே இல்லை. 2020 ஜனவரியிலிருந்து இங்கே தடை, ஆனால் பழைய போத்தல் எந்த வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். நாம் எல்லாவற்றையும் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதுவும் ஒரு காரணம். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கூப்பிட்டும் கேட்கலாம்.

பூனை வளர்க்கிற வீட்டில் பெர்மெத்ரின் கவனம், நம் ஈரல் உடைப்பதை அதன் ஈரல் உடைக்காது. மீன்தொட்டி இருந்தால் ஸ்ப்ரே அடிக்கும் முன் மூடிக் காற்றுக்குழாயை நிறுத்துங்கள், துளி போனாலும் மீன் மிதக்கும். கேஸ் அடுப்பு எரியும்போது டின்னைத் தொடவே வேண்டாம். பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால் அலமாரியில் நாஃப்தலின் பாச்சை உருண்டை ஆகாது, அந்தக் காற்றே ரத்த அணுக்களை உடைக்கும். குழந்தைத் துணியை அதோடு மடித்து வைப்பது நம் வீடுகளில் சகஜம்.

அண்ணிக்குக் கடைசியில் எடுத்துக் கொடுத்தது: ஒரு ஜெல் சிரிஞ்சு, சின்னப் பொட்டலம் போராக்ஸ், குளியலறைக்குச் சல்லடை மூடி. ஸ்ப்ரே டின் வேண்டாம் என்றேன். "ஒண்ணாவது குடுங்க தம்பி, கைக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். சரி, சின்ன டின் ஒன்று, அடுப்பங்கரைக்குள் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு. கறையானுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு வையுங்கள், நான் வந்து கூட இருக்கிறேன் என்றேன். அறுபது வெள்ளியில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, அதில் பேரனுக்கு ஐஸ்கிரீம்.

பத்து நாள் கழித்துப் போயிருந்தேன். காலையில் கரப்பானைக் கூட்டி அள்ளி முடியவில்லை என்று புகார். எறும்பு குறைந்துவிட்டது, ஆனால் ரோஸ் சிரப் போத்தலைத்தான் அலமாரி உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறாராம். ரோஸ் வயிறு பார்க்கவேண்டுமென்று பேரன் வாசலில் இருந்த முசுறுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தானாம்.